வாங்குபவரிடம் கொசுறு கேட்கும் கடை

காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அம்மாவுடன் மளிகைக் கடைக்கு வரும் குழந்தைக்கு ஒரு துண்டு வெல்லம், அல்லது ஒரு பிடி பொட்டுக்கடலை. இதற்குக் கொசுறு என்று பெயர். எந்தச் சட்டத்துக்கும் பயந்து நாம் இதைக் கொடுப்பதில்லை. வந்தவர் மறுபடியும் நம் கடைப் படி ஏற வேண்டுமே என்பதற்காகக் கொடுக்கிறோம். இன்று கைப்பேசிக்குள் ஒரு புதுக் கடைத்தெரு திறந்திருக்கிறது. அங்கே கொசுறு கொடுப்பவர் வாங்குகிறவர்தான். தாம் கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் அவர் கொடுத்துவிட்டு வருகிறார் என்பதுதான் வேதனை.

ஆன்லைனில் விற்கப்படும் கைவினைப் பயிற்சி வகுப்புகளைப் பற்றிச் சொல்கிறோம். மளிகைக் கடைக்காரருக்கும் ஆரி வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஓரிக்கையில் இருந்துகொண்டு நாம் அப்படிக் கேட்க முடியாது. காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை எடுப்பவர்களுக்கு ஜாக்கெட்டில் ஆரி வேலை வேண்டியிருக்கிறது. முந்தானையில் குச்சு கட்ட வேண்டியிருக்கிறது. தறி உள்ள வீட்டுப் பெண்களும் நம் கடை வீட்டுப் பெண்களும் மதிய நேரத்தில் இந்த வேலையைக் கற்று, நாலு காசு சம்பாதிக்க நினைப்பது பாராட்ட வேண்டிய விஷயம். அந்த ஆசையின் மீது கை வைக்கிறவர்களைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

499 ரூபாய் எங்கே போனது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளம்பரத்தில் ஆரி வகுப்பு 499 ரூபாய் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பெயர், ஊர், கைப்பேசி எண் எல்லாம் நிரப்பி, பணம் கட்டும் கட்டத்துக்கு வந்தால் "சான்றிதழ் 49 ரூபாய்" என்று ஒரு கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கிறது. கீழே "சேவைக் கட்டணம் 20 ரூபாய்". ஆக 568 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 102 ரூபாய் 24 காசு. மொத்தம் 670 ரூபாய் 24 காசு. சொன்ன விலைக்கு மேல் 171 ரூபாய் 24 காசு. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்!

டாலரில் விலை போட்ட வெளிநாட்டு வகுப்பு என்றால் இன்னொரு செலவும் உண்டு. அந்நியச் செலாவணி மாற்றத்துக்காகக் கார்டு வழங்கிய வங்கி பொதுவாக மூன்று, மூன்றரை சதவீதம் வரை பிடிக்கும். அந்தக் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. இது வகுப்பு விற்பவரின் திரையில் வரவே வராது; மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும் விட மோசமானது "ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் பயிற்சி" என்ற தூண்டில். அந்த ஒரு ரூபாயைக் கட்டும்போதே, மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள 'ஆட்டோபே' அனுமதியையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஒருமுறை பின் எண்ணோ ஓ.டி.பி.யோ போட்டு இந்த அனுமதியைக் கொடுத்துவிட்டால், பிறகு 15,000 ரூபாய் வரையிலான தவணைகளுக்கு மறுபடி ஓ.டி.பி. கேட்க வேண்டியதில்லை. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் மட்டும் வரும். கடை நேரத்தில் கைப்பேசிக்கு வரும் நூறு குறுஞ்செய்திகளில் அதை யார் பார்க்கிறார்கள்?

49 ரூபாய்க்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். 20 ரூபாய்க்காக யாரும் வேலையை விட்டுவிட்டுப் புகார் எழுத மாட்டார்கள். இந்தச் சலிப்பை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஒருவருக்குச் சிறு தொகை. லட்சம் பேரிடம் வாங்குகிறவருக்கு அது கொள்ளை லாபம்.

நாம் கடந்து வந்த பாதை

மூத்த வணிகர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒரு காலத்தில் பொட்டலங்களின் மேல் விலையைப் போட்டு, "உள்ளூர் வரிகள் தனி" என்று அச்சிட அனுமதி இருந்தது. வரி எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கடைக்குக் கடை ஒரு விலை. தினமும் கல்லாவில் வாய்த்தகராறு. 1990-ல் பொட்டலப் பொருள் விதிகள் திருத்தப்பட்டு, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., கட்டாயம் ஆனது. அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அதனால் நாம் கெட்டுப் போகவில்லை. விலையைப் பற்றிய சண்டை குறைந்தது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் முடிந்தது என்ற நிலை வந்தது.

இன்றும் நம் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். எடை குறைந்தால் முத்திரை ஆய்வாளர் வழக்குப் போடுவார். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்தான். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. நியாயம் என்று ஏற்றுக்கொண்டுதான் தொழில் செய்கிறோம். ஓரிக்கையில் பத்துக்குப் பத்து கடை வைத்திருப்பவருக்கு ஒரு நியாயம், கைப்பேசித் திரையில் கோடிக்கணக்கில் விற்பவருக்கு வேறு நியாயமா என்பதே நம் கேள்வி.

எம்.ஆர்.பி. சட்டம் பொட்டலப் பொருள்களுக்கு மட்டுமே உரியது. பயிற்சி வகுப்பு போன்ற சேவைகளுக்கு அது பொருந்தாது என்பது உண்மை. அதற்காகச் சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், பொருளானாலும் சேவையானாலும் மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் விவரத்தைத் தனித்தனியாகவும் காட்ட வேண்டும் என்கின்றன. முன்கூட்டியே டிக் போட்டு வைத்துச் சம்மதம் பெறுவதையும் தடுக்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் கண்கட்டு உத்திகள் 13-ஐப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, கேட்காத சரக்கைக் கூடையில் திணிப்பது, வெளியே வரமுடியாத சந்தாவில் சிக்க வைப்பது ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் தங்கள் தளங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ளும்படி மின் வணிக நிறுவனங்களுக்கு அந்த ஆணையம் அறிவுறுத்தியது.

அமெரிக்காவில் நடந்ததையும் பாருங்கள். வாடிக்கையாளர்களைத் தெளிவான சம்மதமில்லாமல் சந்தாவில் சேர்த்து, விலகுவதையும் கடினமாக்கியதாக அமேசான் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. ஒவ்வொருவரிடமும் போனது சிறு தொகைதான். கூட்டிப் பார்த்தபோது எத்தனை பெரிய கணக்கு!

நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம்

இதைக் கேட்கும் தகுதி நமக்கு இருக்க வேண்டும். குளிர்ந்த பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" என்று இரண்டு ரூபாய் கூட்டி வாங்கும் கடைகள் நம்மிடையே இல்லாமல் இல்லை. சில்லறை இல்லை என்று மிட்டாயைக் கையில் திணிப்பதும் கேட்காத சரக்கைக் கூடையில் போடும் வேலைதான். இவற்றை அடியோடு விட்டால்தான் அடுத்தவரைப் பார்த்து நாம் விரல் நீட்ட முடியும்.

வரி வாங்குவது தவறு என்றும் நாம் சொல்லவில்லை. சட்டப்படியான வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். முதலில் 499 என்று சொல்லாமல், முழு விலை இவ்வளவு என்று சொல்லிவிட்டு விற்கட்டும். நம் ஊரிலேயே கைப்பேசி வழியாக வகுப்பு நடத்தும் சகோதரிகளும் இதைக் கடைப்பிடித்தால், அவர்கள் பெயர் நிலைக்கும்.

வணிகப் பெருமக்கள் தங்கள் வீட்டில் சொல்லிவைக்க வேண்டியவை சில. பணம் கட்டுவதற்கு முன் கடைசித் தொகையைப் பார்க்க வேண்டும். டிக் போட்ட கட்டங்களை எடுத்துவிட வேண்டும். ஒரு ரூபாய்ச் சலுகை என்றால் ஆட்டோபே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கட்டும் செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய், தேவையில்லாத அனுமதிகளை ரத்து செய்யலாம். விளம்பரத்தையும் பணம் கட்டிய திரையையும் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

வரி என்று வாங்கியிருந்தால் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கேளுங்கள். அந்த 15 இலக்க எண்ணைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும். இங்கே பதிவு செய்த வெளிநாட்டு இணையச் சேவையாளரின் எண் 99-ல் தொடங்கும். எண்ணே இல்லாமல் வரி வாங்கினால், அது வரியல்ல, வசூல்.

ஏமாந்தது தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. 49 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒருவர் கேட்டால் திருப்பித் தருவார்கள். நூறு பேர் கேட்டால் அந்த டிக்கையே எடுத்துவிடுவார்கள்.

இதில் சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. எம்.ஆர்.பி. போலவே, இணையத்தில் விற்கும் எந்தச் சேவைக்கும் எல்லா வரிகளும் கட்டணங்களும் உட்பட்ட ஒரே விலையை முதல் திரையிலேயே காட்ட வேண்டும், காட்டாதவருக்கு நம்மைப் போலவே உடனடி அபராதம் வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். நமக்கு இருக்கும் தராசு முத்திரை அவர்களுக்கும் வரட்டும்.