துடுப்பு வலிப்பது கையா, காலா?

தமிழில் ‘வலி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. வலி என்றால் வலிமை. வலி என்றால் நோவு. வலித்தல் என்றால் இழுத்தல். படகைத் துடுப்பால் செலுத்துவதையும் வலித்தல் என்றே சொல்கிறோம். துடுப்பு வலிக்கக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாளில் இம்மூன்றும் ஒன்றுதான் என்று எண்ணினோம். வலிமை உள்ளவள் இழுப்பாள். இழுத்தால் கை நோகும். கை நொந்தால் படகு ஓடும். இவ்வளவுதானே! ஓராண்டு கழிந்தபின் சொல்கிறோம்: நாங்கள் எண்ணியது தவறு. அந்தத் தவறு எங்களோடு நிற்காமல் ஒரு தோழியின் மனத்தையும் நோகச் செய்தது. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தோம்.

இப்படகுகளைப் பார்த்திராத தோழியருக்காகச் சில சொற்கள். 1867 ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் போட் கிளப்பின் படகுகள் அடையாற்றில் ஓடுவதைச் சென்னையில் வாழ்வோர் சிலர் கண்டிருக்கலாம். அவை பரிசல் போன்றவையும் அல்ல, கட்டுமரம் போன்றவையும் அல்ல, ஒடுங்கி நீண்டவை. வலிப்பவள் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்வாள். அவள் பாதங்கள் ஒரு பலகையில் பிணைக்கப்பட்டிருக்கும். அவள் இருக்கைக்கு அடியில் சிறு சக்கரங்கள் உண்டு. அது தண்டவாளத்தில் ஓடுவதுபோல் முன்னும் பின்னும் ஓடும்.

தோழியரே, இங்கே ஒரு கேள்வி. கைதான் படகை ஓட்டுகிறது என்றால் இருக்கைக்குச் சக்கரம் எதற்கு? கால் மடங்கி நீள்வதற்காக அன்றோ!

முழங்காலை மடக்கி, உடலை முன்னே சாய்த்து, கைகளை நீட்டித் துடுப்பின் பரந்த முனையை நீரில் இறக்குகிறோம். உடனே காலால் பலகையை மிதிக்கிறோம். அப்போது கைகள் கயிறுபோல் நீண்டே இருக்க வேண்டும். முதுகு தளராமல் நிற்க வேண்டும். கால்கள் பெரும்பாலும் நீண்ட பிறகே முதுகு பின்னே சாயும். கடைசியில்தான் கை மடங்கித் துடுப்பின் பிடியை விலாவரை கொண்டுவரும். கால், முதுகு, கை என்பதே வரிசை. திரும்பி வரும்போது கை, முதுகு, கால் என்று அது தலைகீழாகும். பயிற்சியாளர்கள் தோராயமாக ஒரு கணக்குச் சொல்வதுண்டு. ஆற்றலில் பத்துப் பங்கு என்றால் ஆறு பங்கு காலுக்கு, மூன்று பங்கு முதுகுக்கு, மிஞ்சிய ஒரு பங்கே கைக்கு.

இது புதுமையான செய்தியும் அன்று. நிறைகுடத்தைத் தரையிலிருந்து எடுக்கும் நம் அன்னையர் கையை மடக்கியா எடுக்கிறார்கள்? குந்தி அமர்ந்து, கையை நீட்டிப் பிடித்து, காலை ஊன்றி எழுகிறார்கள். தொடையில் உள்ள தசை பெரியது. கையில் உள்ளது சிறியது. பெரியது செய்ய வேண்டிய வேலையைச் சிறியதிடம் கொடுத்தால் அது விரைவில் சோர்ந்துவிடும்.

இவ்வளவையும் மாஸ்டர் முதல் வாரத்திலேயே சொன்னார். நாங்கள் தலையை ஆட்டினோம். படகில் ஏறியதும் மறந்தோம். கரையில் நின்றவர்கள் “இழு! இழு!” என்று கத்த, நாங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தோம். எங்கள் படகில் நால்வர் வலிப்போம். சுக்கான் பிடிக்கும் காக்ஸ் ஒருத்தி. முனை இருக்கையில் இருந்தவள் எங்கள் அனைவரிலும் மெலிந்தவள். பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் நாங்கள் கடைசியாக வந்தோம். கரை ஏறியதும் எங்களில் ஒருத்தி, “இந்தக் குச்சிக் கையை வெச்சுக்கிட்டு நீ வலிச்சா இப்படித்தான் ஆகும்” என்றாள். மற்ற நாங்கள் மறுத்துப் பேசவில்லை. மௌனமும் சம்மதம் என்பதை அன்று நினைக்கவில்லை. அடுத்த வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை.

அவள் இடத்தில் கை பருத்த வேறொருத்தி அமர்ந்தாள். நிறுத்து கடிகாரத்தைப் பார்த்தோம். பழைய நேரத்தில் ஒரு நொடிகூடக் குறையவில்லை! அப்போது மாஸ்டர் தம் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த படங்களைக் காட்டினார். எங்கள் மூவருக்கும் கால் அசையும் முன்பே முழங்கை மடங்கியிருந்தது. போட்டிக்கு முன் எடுத்த படத்தில் ஒருத்தியின் கை மட்டுமே நேராக நின்றது. அது நாங்கள் அனுப்பிவிட்ட அந்தக் குச்சிக் கைதான். “கையைக் கொஞ்சம் மறந்துடுங்கம்மா” என்று மட்டும் மாஸ்டர் சொன்னார். நாங்கள் தலை குனிந்தோம்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனோம். அவள் எங்களைத் திட்டவில்லை, அழவும் இல்லை. “நான் வரேன். ஆனா இனிமே யாரும் என் கையைப் பத்திப் பேசக்கூடாது” என்றாள். அந்த வாக்கை இன்றுவரை காத்து வருகிறோம்.

அதன்பின் நாங்கள் கற்றவை மூன்று.

முதலாவது, நீரைப் பிடித்த பிறகே மிதிக்க வேண்டும். துடுப்பு முனை நீரில் பதியும் முன் காலை நீட்டினால், சங்கிலி கழன்ற சைக்கிளை மிதித்த கதைதான். கால் ஓடும், படகு ஓடாது. முனை முழுவதும் மூழ்கினால் போதும். அதற்குமேல் ஆழமாக இறக்கினால் தூக்குவதிலேயே ஆற்றல் வீணாகும். பாதி மூழ்கினால் நீர் தெறிக்கும், பார்க்க அழகாக இருக்கும், பயன் இராது.

இரண்டாவது, திரும்பி வரும்போது பொறுமை வேண்டும். எண்மர் வலிக்கும் பந்தயப் படகின் எடை, பன்னாட்டு விதிப்படி குறைந்தது 96 கிலோகிராம். வலிப்பவர் ஒவ்வொருவரும் 60 கிலோகிராம் என்று கொண்டாலும் எண்மரும் சேர்ந்து 480! படகைவிட ஐந்து மடங்கு எடை அதன்மேல் முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த எடை அவசரமாக வந்து மோதினால் ஓடும் படகு தடைபடும். மிதிப்பது விரைவாகவும் மீள்வது நிதானமாகவும் இருக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியோர் சொன்னது படகுக்கும் பொருந்துகிறது.

மூன்றாவது, எல்லோரும் ஒன்றாக மிதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக மிதிக்க வேண்டும். படகின் வேகம் இரு மடங்கானால் நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். ஆகவே ஒருமுறை மூச்சடக்கிப் பாய்ந்து, மறுமுறை களைத்துத் தளர்பவர்களைவிட, சீராகச் செல்பவர்களே குறைந்த உழைப்பில் முன்னே போவார்கள். ஒருத்தி மட்டும் வீராங்கனையாக இருப்பதால் படகுக்கு நன்மை இல்லை.

கையைப் பார்த்து ஆளை எடை போடும் பிழையை நாங்கள் மட்டுமா செய்தோம்? ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான துடுப்புப் படகுப் போட்டி 1900 ஆம் ஆண்டிலேயே நடந்தது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு 1976 இல், மாண்ட்ரீல் நகரில்தான் கிடைத்தது. அப்போதும் ஆண்களுக்கு 2000 மீட்டர். பெண்களுக்கு அதில் பாதி, 1000 மீட்டர். 1988 இல் சியோல் நகரில்தான் இருவருக்கும் ஒரே தூரம் வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தண்ணீரா மாறியது? பெண்களின் காலா மாறியது? பார்த்தவர்களின் எண்ணமே மாறியது. 2010 இல் குவாங்சூ ஆசிய விளையாட்டில் பிரதிமா புஹானா, பிரமிளா பிரவா மின்ஸ் என்னும் ஒடிசாப் பெண்கள் இருவர் இருவர் படகில் வெண்கலப் பதக்கம் வென்றதை நாம் மறக்கலாகாது.

எனவே எங்கள் கருத்து இதுவே. அடுத்த ஆண்டு படகுக்கு ஆள் எடுக்கும்போது கையைப் பிடித்துப் பார்க்க வேண்டாம். இருவரை இடம் மாற்றி அமர்த்தி, அதே தூரத்தை ஓடச் செய்து நேரத்தைக் குறியுங்கள். யார் அமர்ந்தபோது படகு விரைந்ததோ அவளே தக்கவள். அவள் பருத்தவளாக இருந்தாலும் சரி, மெலிந்தவளாக இருந்தாலும் சரி. கரையில் நிற்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: “இழு” என்று கத்தாதீர்கள், “மிதி” என்று கத்துங்கள்!

கடந்த போட்டியில் நாங்கள் மூன்றாவதாக வந்தோம். கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் கரை ஏறியபோது நால்வருக்கும் கை நோகவில்லை, கால்தான் நொந்தது. முனை இருக்கைத் தோழி தன் தொடையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். சரியான இடத்தில்தான் வலி வந்திருந்தது.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு