தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

மலேசியாவில் நிலத்தடி நீரை மிக அதிகமாக நம்பியிருக்கும் மாநிலம் கிளந்தான். அங்குப் பல வீடுகளில் கிணறும் ஆழ்குழாய்க் கிணறும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. குழாய் வாயில் கட்டிய வெள்ளைத் துணி சில நாள்களில் செம்மண் நிறமாகிவிடும். பள்ளிச் சட்டை மஞ்சளாகும். குளியலறைத் தரையில் கறை படியும். பொறுமை இழந்த வீட்டார் வடிகட்டி ஒன்றை வாங்கிப் பொருத்துகின்றனர். நீர் தெளிகிறது. சிக்கல் தீர்ந்துவிட்டது என்ற எண்ணமும் உடனே வந்துவிடுகிறது. ஆபத்து தொடங்குவது இந்த இடத்தில்தான்.

வடிகட்டியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், கலங்கலுக்குக் காரணம் என்னவென்று அறியாமல் அதை வாங்குவது, நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்குவதைப் போன்றது.

காரணத்தை அறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. இறைத்த நீரைக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, ஓரிரவு அசைக்காமல் வைத்தால் போதும். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கிவிடும். வண்டல் தங்கச் சில மணி நேரம் ஆகும். நுண்ணிய களிமண்ணோ நாள்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். தமிழர்கள் முற்காலத்தில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து, அதில் நீர் ஊற்றி வைத்தது இதற்காகத்தான். தனித்தனியே மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே இறங்கும். இன்றைய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதுவே.

கிளந்தான் கிணறுகளில் பரவலாகக் காணப்படும் சிக்கல் வேறு. இறைத்தவுடன் நீர் பளிங்கு போலிருக்கும். நேரம் செல்லச் செல்லப் பழுப்பு நிறமாகும். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, உயிர்வளியுடன் சேர்ந்து துருத் துகளாக மாறுவதே இதற்குக் காரணம். சர்க்கரை நீரை எத்தனை துணிகளில் வடித்தாலும் இனிப்புப் போகாது. அதுபோலவே, கரைந்த இரும்பும் துணியிலோ பஞ்சு வடிகட்டியிலோ சிக்காது. முதலில் நீரில் காற்றுப் பட வேண்டும். துளையிட்ட குழாய் வழியாக நீரைத் தொட்டிக்குள் தூறலாக விழச் செய்து, தெளியவிட்டு, அதன் பின்னர் மணல் வடிகட்டியில் செலுத்தினால் துரு மணலில் தங்கும். சுகாதார அமைச்சின் தரப்படி, குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமையும் மாங்கனீசு 0.1 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. கருங்கறை படியச் செய்யும் மாங்கனீசு, காற்றுப் பட்டாலும் எளிதில் பிரியாது. அதற்கெனத் தனி வடிகட்டி தேவைப்படும்.

மழைக்குப் பின்னர் மட்டும் நீர் கலங்குமானால் அதிகம் கவலைப்பட வேண்டும். மேற்பரப்பு நீர் கிணற்றுக்குள் இறங்குகிறது என்பது அதன் பொருள். அந்நீருடன் கால்நடைக் கழிவும் கழிவுநீர்த் தொட்டியின் கசிவும் சேர்ந்து வரலாம். 5 மைக்ரான் வடிகட்டி சேற்றைத் தடுத்து நீரைத் தெளிவாக்கிவிடும். பாக்டீரியாக்கள் பலவும் அதனுள் நுழைந்து செல்லும் அளவுக்குச் சிறியவை. வைரசுகள் அவற்றினும் மிகச் சிறியவை. அழுக்கேறிக் கறுத்த வடிகட்டியைக் காட்டி விற்பனையாளர் வியக்க வைக்கலாம். கிருமிகள் நீங்கின என்பதற்கு அது சான்றாகாது. இத்தகைய வீட்டில் முதலில் செலவு செய்ய வேண்டியது கிணற்றுக்கே. சுவரை உயர்த்த வேண்டும். விரிசலை அடைக்க வேண்டும். சுற்றிலும் வெளிப்புறம் சரியும் சிமெண்டுத் தளம் அமைத்து, கிணற்றை மூடியிட்டு மூட வேண்டும்.

“கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்?” எனச் சிலர் கேட்பர். நல்ல பழக்கம்தான். நீர் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்தால் நோய்க்கிருமிகள் மடியும். ஆயினும், பல் துலக்கவும் கீரை கழுவவும் கொதித்த நீரை எத்தனை பேர் எடுக்கின்றனர்? நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்கியதும், கொதிக்க வைக்கும் பழக்கத்தையே கைவிடும் வீடுகளும் உண்டு.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானைத் தாக்கிய பெருவெள்ளத்தை, அதன் சேற்று நிறத்தை வைத்து ‘மஞ்சள் வெள்ளம்’ என்றே அம்மாநில மக்கள் குறிப்பிடுகின்றனர். அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றை எந்த வடிகட்டியாலும் மீட்க முடியாது. நீரை இறைத்துச் சேற்றை அகற்றிய பின்னரே குளோரின் இட வேண்டும். கலங்கல் மிகுந்த நீரில் குளோரின் சரிவர வேலை செய்யாது. பழைய வடிகட்டிப் பஞ்சையும் அன்றே வீசிவிட்டு, ஆய்வுக்கூடச் சோதனை முடிவு கிடைக்கும் வரை அந்நீரைக் குடிக்காமல் இருக்க வேண்டும்.