மரையும் முறையும்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு மாலை, லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள கார் பட்டறையிலிருந்து ஓர் இளைஞன் என்னைத் தேடி வந்தான். கையில் நான்காக மடித்த, எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாள். சில ஆண்டுகளுக்கு முன் என் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் அமர்ந்திருந்தவன். தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குவான். ஆங்கிலத்தில் தேறாமல் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். "ஐயா, இதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க. இன்னொரு தடவை தப்பு பண்ணா வேலை போயிடும்" என்றான்.

அந்தத் தாளைப் பற்றியே இக்கட்டுரை. இலக்கியம் பேசும் இடத்தில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். முடிவில் நாம் வந்து சேருமிடம் தமிழ்தான், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். வாடிக்கையாளர் ஒருவரின் டர்போ கார். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்திச் செலுத்தும் ஏற்பாடு. காற்று மிகுந்தால் கூடவே எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம்; எரிதல் மிகுந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் மிகும். அவர் அந்த அழுத்தத்தை மேலும் ஏற்றிக்கொண்டவர். அப்படி ஏற்றும்போது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டு, பிளாக்கை விட்டு மயிரிழை அளவு எழும்பப் பார்க்கும். எழும்பினால் நடுவிலுள்ள கேஸ்கட் போய்விடும். ஆகவே பழைய போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, வலுவான வெளிநாட்டு ஸ்டட்டுகளைப் போடச் சொன்னார்.

போல்ட்டை முறுக்கும்போது அது ஒரே நேரத்தில் முறுங்கவும் நீளவும் வேண்டியிருக்கிறது. அதன் மரை பிளாக்கின் மரையோடு உரசுகிறது. ஸ்டட் அப்படியன்று. அதை முதலில் பிளாக்கில் இறக்கிவிடுகிறோம். பிறகு மேலே நட்டை மட்டும் முறுக்குகிறோம். ஸ்டட் பெரும்பாலும் நேராக நீள்கிறது. பிடிப்பு சீராக அமைகிறது.

தாளில் இருந்த கட்டளை: உடன் வந்த மசகைத் தடவி, நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சம படிகளில், 80 அடி-பவுண்டு வரை முறுக்குக. பட்டறையின் டார்க் ரென்ச்சில் இரண்டு அளவுகோல்கள். ஒன்று அடி-பவுண்டு, மற்றொன்று நியூட்டன் மீட்டர். இளைஞன் 80 என்ற எண்ணைப் பார்த்தான். அதை நியூட்டன் மீட்டர் வரிசையில் வைத்தான். ஒரு அடி-பவுண்டு ஏறத்தாழ 1.356 நியூட்டன் மீட்டர். ஆக அவன் வைத்திருக்க வேண்டியது 108. வைத்ததோ 80. தேவையில் கால் பங்குக்கும் மேல் குறைவு. மசகு இருந்த சிறு பொட்டலத்தை வேண்டாத பொருள் என்று ஒதுக்கி, மரையைத் துடைத்து உலர்வாகவே போட்டுவிட்டான். ரென்ச் 'கிளிக்' என்றது. வேலை முடிந்தது என்று நம்பினான்.

மூன்றாம் வாரம் கார் திரும்பி வந்தது. குளிர்நீர் குறைகிறது, தொட்டியில் குமிழி வருகிறது, பின்னால் வெண்புகை. மறுபடி ஹெட்டைக் கழற்றி, புதுக் கேஸ்கட் போட்டார்கள். செலவில் பாதி அவன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

மசகில் என்ன இருக்கிறது என்று நானும் எண்ணினேன். விசாரித்த பிறகே புரிந்தது. நட்டை முறுக்க நாம் செலுத்தும் ஆற்றலில் பாதி நட்டின் அடியில் உரசலுக்கும், நாற்பது விழுக்காடு அளவு மரையின் உரசலுக்கும் போய்விடுகிறது. ஸ்டட்டை இழுத்து நீட்டப் பயன்படுவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. ஹெட்டைப் பிடித்து வைப்பதோ அந்த நீட்சிதான். ஸ்டட் ஒரு வலுவான வில்சுருள் போல வேலை செய்கிறது. ரென்ச் காட்டும் எண் நீட்சியின் அளவு அன்று. நீட்சியைப் பற்றிய ஓர் ஊகம் மட்டுமே. உலர்ந்த மரையில் உரசல் கூடும். அதே எண்ணில் நீட்சி குறையும். மசகு என்பது அந்தக் கணக்கின் ஓர் உறுப்பு.

அளவுக் குழப்பம் படிக்காதவன் செய்யும் பிழை என்று எவரும் நகைக்க வேண்டாம். 1999 இல் செவ்வாய்க் கோளை அடைந்த நாசாவின் விண்கலம் ஒன்று அழிந்துபோனதற்கு, ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கிலும் மறு தரப்பு நியூட்டன் கணக்கிலும் எண்ணியதே காரணம். அங்கே அறிஞர்கள் ஏமாந்த அதே இடத்தில்தான் லாஸ்பேட்டையில் ஓர் இளைஞன் ஏமாந்தான். அங்கே விசாரணைக் குழு அமைத்தார்கள்; இங்கே சம்பளத்தைப் பிடித்தார்கள்.

பட்டறை முதலாளிக்கு ஒரு கருத்து உண்டு. "முப்பது வருஷமா கைப்பக்குவத்துலதான் முறுக்குறோம். பேப்பரைப் பாத்தா முறுக்குனோம்?" கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய எஞ்சின்கள் பொறுத்துக்கொண்ட பிழையை இன்றைய டர்போ எஞ்சின் பொறுக்காது. உரசலையும் நீட்சியையும் எந்தக் கையாலும் பிரித்தறிய முடியாது.

முதலாளியைக் குறை சொல்லிவிட்டு நம் பக்கத்தை மறைப்பது நியாயமன்று. தாளை வாங்கிய அன்று இரவு நான் எழுத உட்கார்ந்தேன். டார்க் என்பதற்கு முறுக்கு விசை, திருப்பு விசை, திருப்புத்திறன் என்று மூன்று சொற்கள் உடனே வந்தன. பெருமிதமாக இருந்தது. அடுத்த வரியிலேயே தடுமாறினேன். ஸ்டட்டைக் கருவியின்றி எவ்வளவு இறுக்கத்துக்கு இறக்க வேண்டும் என்பதைச் சொல்லும் இரண்டே ஆங்கிலச் சொற்கள். எனக்குத் தமிழ் கிடைக்கவில்லை. மறுநாள் அவனையே கேட்டேன். "விரல் முறுக்குன்னு சொல்லுவோம் ஐயா" என்றான். இதைவிடச் செம்மையான சொல்லை எந்தக் கலைச்சொல் குழு ஆக்கித் தந்துவிடும்?

மரை என்பதும் அப்படியே. பட்டறையில் அன்றாடம் புழங்கும் தூய தமிழ்ச் சொல். புத்தி தடுமாறியவனை 'மரை கழன்றவன்' என்று ஊரே சொல்கிறது. தோட்டின் திருகாணியைத் திருகத் தெரிந்த மொழிக்கு ஸ்டட்டைத் திருகத் தெரியாமல் போகாது. நாம் பெயர்ச்சொற்களுக்காகச் சண்டையிட்டோம். ஸ்டட்டுக்கும் கேஸ்கட்டுக்கும் மாற்றுத் தேடிக் கருத்தரங்கு நடத்தினோம். அந்தப் பெயர்கள் பட்டறையில் எவருக்கும் இடர் தரவில்லை. இடர் தந்தவை வினைகளும் நிபந்தனைகளும்: தடவிய பின், உலர்வாக அல்லாமல், நடுவிலிருந்து வெளியே. இவற்றைத் தமிழில் சொல்ல எந்த அகராதியும் வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும்.

பூச்சிமருந்துப் புட்டியோடு தமிழில் குறிப்பு வருகிறது. சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1966 இல் தோன்றிய சென்னை, போல்ட்டும் நட்டும் செய்து உலகுக்கு அனுப்பும் ஊர். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடமே இருக்கிறது. இத்தனையும் இருக்கும் நிலத்தில் ஸ்டட் பூட்டும் முறையைச் சொல்ல ஒரு பக்கத் தமிழ்த் தாள் கூடாதா? எங்கள் லாஸ்பேட்டையிலேயே கலைக் கல்லூரியும் இருக்கிறது, பாலிடெக்னிக்கும் இருக்கிறது. தமிழ் மாணவர் ஒருவரும் இயந்திரவியல் மாணவர் ஒருவரும் ஒரு மாதம் பட்டறையில் அமர்ந்து இத்தகைய பத்துத் தாள்களை எழுதினால், அதையும் ஆய்வேடாக ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டு மாலைகளில் நாங்கள் எழுதி முடித்த தாள் இப்போது அப்பட்டறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் வரி: துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது; தேங்கினால் பிளாக் விரிசல் விடும். இரண்டாவது: மரையைச் சுத்தம் செய், புதிதாக வெட்டாதே. மூன்றாவது: ஸ்டட்டுக்கு விரல் முறுக்கு மட்டும். நான்காவது: மரையிலும் நட்டின் அடியிலும் மசகு தடவு. ஐந்தாவது, சிவப்பு மையில்: எண்ணைப் படிக்கும் முன் அலகைப் படி.

அந்த ஐந்தாம் வரி அவன் சொன்னது. நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.