மண்ணுக்குள் இருக்கும் மூலாதாரம்



வரலாற்று வினாத்தாளில் இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் எனப் பிரித்து எழுதிப் புள்ளி பெறுகிறீர்கள். எழுதினால் மட்டும் போதாது. வன்னியில் வாழும் நீங்கள் அவற்றுக்குக் காவலராகவும் இருக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

மன்னார் மாவட்டத்தில், திருக்கேதீச்சரக் கோயில் அமைந்துள்ள இடம் மாந்தை. மாதோட்டம் எனப் புகழ்பெற்ற பழைய துறைமுகம் இதுவே. இங்கு ஜோன் காஸ்வெல் 1980 இல் தொடங்கிய அகழ்வாய்வு 1984 இல் போரினால் நின்றது. 2009–2010 இல் மீண்டும் அகழ்ந்தபோது கிடைத்த தாவர எச்சங்கள் பற்றிய ஆய்வு 2018 இல் வெளியானது. கி.பி. 100–200 காலக் கோதுமையும் கி.பி. 900–1100 காலக் கராம்பு ஒன்றும் அவற்றுள் அடங்கும். கராம்பு அன்று இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளில் மட்டுமே விளைந்தது. கோதுமை அரேபியாவிலிருந்தோ உரோமப் பேரரசிலிருந்தோ கப்பலில் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கிழக்கும் மேற்கும் மாந்தையில் சந்தித்தமைக்கு இச்சிறு மணிகளே சாட்சி.

இப்போது சிந்தியுங்கள். இரவோடிரவாகப் புதையல் தோண்டுபவன் பொன்னைத் தேடுவான். கராம்பை மண்ணோடு வீசிவிடுவான். உரோம நாணயம் கிடைத்தாலும், அது எந்த மண்படையில், எந்த ஓட்டுத்துண்டுடன் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அதன் வரலாற்றுப் பெறுமதியில் பெரும்பகுதி போய்விடும்.

“உடைந்த ஓட்டினால் யாருக்கு என்ன பயன்?” எனச் சிலர் கேட்பர். கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியில் அத்தகைய ஓடுகளையும் ஆராய்ந்தே ப. புஷ்பரட்ணம் 1993 இல் ‘பூநகரி தொல்பொருளாய்வு’ என்ற நூலை எழுதினார். அதே ஊரில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டையும் உண்டு. அதன் கல்லைப் பெயர்த்து வீட்டு அத்திவாரத்தில் இட்டால், அதுவும் ஒரு மூலாதாரத்தை அழித்ததாகும்.

இந்த இடம் எவருடைய முன்னோருக்கு உரியது என்ற வாதம் இன்று வன்னியில் பல இடங்களில் நடக்கிறது. சான்று இருந்தால்தான் வாதத்துக்கு முடிவு கிடைக்கும். சான்று அழிந்துவிட்டால், உரத்துப் பேசுபவர் சொல்வதே வரலாறாகிவிடும். அதனால் நட்டமடையப் போகிறவர்கள் நீங்களே.

ஆகவே வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழம்பொருள் தென்பட்டால் அதை அசைக்காதீர்கள். இடத்தைக் குறித்து, படம் எடுத்து, கிராம அலுவலர் மூலம் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதியின்றி அகழ்வது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். அறிவித்ததை ஊரில் நாலு பேருக்கும் சொல்லி வையுங்கள். ஊர் அறிந்த பொருள் இலகுவில் காணாமற் போகாது.