மந்திரிகளின் எழுத்து விடைகள்

சட்டசபையில் ஓர் அங்கத்தினர் கேள்வி எழுப்புகிறார். இலாகா மந்திரி எழுத்து மூலமாக விடையளிக்கிறார். சபையின் மேஜைமீது ஒரு காகிதம் வைக்கப்படுகிறது, காரியம் முடிந்துவிடுகிறது. இதில் கூச்சலில்லை, கைதட்டலில்லை, வெளிநடப்பு இல்லை. ஆதலின் ஜனங்கள் இதைக் கவனிப்பது அபூர்வம். பத்திரிகைகளாகிய நாமும் இதற்குப் போதிய இடம் அளிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், சர்க்கார் இலாகாக்கள் எதைச் செய்தன, எதைச் செய்யத் தவறின என்பதற்குச் சர்க்காரே கையொப்பமிட்டுத் தரும் சாட்சியம் அந்தக் காகிதம் ஒன்றே. அது உண்மையாயிராவிடில் மற்ற விவாதங்களெல்லாம் மணல்மீது கட்டிய வீடேயாகும்.

டில்லியில் நடைபெறும் முறையை முதலில் கூறுவோம். லோக சபையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20-ம், குறியிடாத கேள்விகள் 230-ம் ஏற்கப்படுகின்றன. ராஜ்ய சபையில் இத்தொகை முறையே 15-ம் 160-மாகும். நட்சத்திரக் கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று வாய்மொழியாக விடை கூறவேண்டும். உடனே உப கேள்விகளும் கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்திற்குள் இருபதில் சிலவே எடுத்துக் கொள்ளப்படுகின்றன. எஞ்சியவற்றிற்கும், குறியிடாத கேள்விகள் அனைத்திற்கும் எழுத்து விடையே கதி. எழுத்து விடைக்கு உப கேள்வி கிடையாது. ஆகவே, விடை மழுப்பலாயிருந்தால் அங்கத்தினர் மறுபடியும் புதிய கேள்வி அனுப்பி, குறைந்தது 15 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் கூட்டத்தொடரே முடிந்து போவதும் உண்டு.

இந்த உரிமை நமக்கு இலேசில் கிடைத்ததன்று. 1861-ம் வருஷத்துக் கவுன்சில் சட்டப்படி அங்கத்தினர்கள் மசோதாக்களைப் பற்றிப் பேசலாமேயன்றி, நிர்வாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க முடியாது. 1892-ல்தான் கேள்வி கேட்கும் உரிமை முதன்முதல் வழங்கப்பட்டது. அதுவும் உப கேள்வி இல்லாமல். 1909-ம் வருஷத்துச் சீர்திருத்தத்தில், கேள்வி கேட்டவர் மாத்திரம் உப கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. 1919-ம் வருஷத்துச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே மற்ற அங்கத்தினர்களும் உப கேள்வி கேட்கும் பாத்தியதை பெற்றார்கள். அன்னிய ஆட்சியிடமிருந்து படிப்படியாகப் பெற்ற ஓர் உரிமையைச் சுயராஜ்யத்தில் நாமே நழுவ விடலாகாது.

நழுவ விடுகிறோமா என்று கேட்பவர்களுக்கு 2020-ம் வருஷத்து நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். அவ்வருஷம் செப்டம்பர் மாதம் கூடிய பார்லிமெண்டில், தொற்று நோயைக் காரணமாகக் காட்டிக் கேள்வி நேரம் முழுவதும் நீக்கப்பட்டது. எழுத்து விடைகள் மாத்திரமே எஞ்சின. ஊரடங்கின்போது கால்நடையாகச் சொந்த ஊர் திரும்பிய வெளிமாகாணத் தொழிலாளர்களில் எத்தனை பேர் மாண்டார்கள், அவர்களுடைய குடும்பங்களுக்கு நஷ்டஈடு உண்டா என்று லோக சபையில் கேட்கப்பட்டது. அத்தகைய விவரம் எதுவும் வைக்கப்படவில்லை என்று தொழில் இலாகா செப்டம்பர் 14-ம் தேதி விடை தந்தது. விவரமே இல்லாதபடியால் நஷ்டஈடு என்ற கேள்விக்கே இடமில்லை என்றும் முடித்துவிட்டது.

அதே கூட்டத்தொடரில் ராஜ்ய சபையில் ரயில்வே மந்திரி வேறொரு விடையளித்தார். தொழிலாளர்களுக்கென ஓட்டப்பட்ட விசேஷ ரயில்களில் பிரயாணம் செய்கையில், செப்டம்பர் 9-ம் தேதி வரையில் 97 பேர் இறந்ததாக மாகாணப் போலீஸார் தந்த தகவலை அவர் சபைக்குத் தெரிவித்தார். இவர்கள் அனைவரும் சர்க்காரின் குற்றத்தால் இறந்தார்கள் என்று நாம் சாதிக்கவில்லை. அதை வைத்தியப் பரிசோதனைதான் கூறவேண்டும். நாம் சுட்டிக்காட்டுவது ஒன்றே. ஓர் இலாகாவுக்குப் போலீஸாரிடம் கேட்டு எண்ணிக்கை பெற முடிந்தது. மற்றோர் இலாகாவோ தன்னிடம் கணக்கில்லை என்ற விடையோடு நின்றுகொண்டது. வெளிமாகாணத் தொழிலாளர்களைக் குறித்த 1979-ம் வருஷத்துச் சட்டம் அப்பொழுது அமுலில் இருந்தது. வேலைக்கு அழைத்துச் செல்லும் கண்டிராக்டர் தொழிலாளர்களின் விவரங்களை அதிகாரிகளிடம் தாக்கல் செய்யவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அந்த விவரங்கள் எங்கே போயின என்பதற்கு விடையில் ஒரு வரியேனும் இல்லை. கணக்கு வைக்கவில்லை என்பது கேள்விக்கு விடையாகுமா? அது கடமை தவறியதை ஒப்புக்கொண்டதாகவல்லவோ கொள்ளப்பட வேண்டும்!

கோர்ட்டுகளில் வக்கீலாக நின்று பழகியவர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு வேடிக்கை தோன்றாமலிராது. 1908-ம் வருஷத்து சிவில் விசாரணைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. பிரதிவாதி பதில் மனுவில் மழுப்பலாக மறுக்கக்கூடாது; விஷயத்தின் சாரத்துக்கு விடை கூறவேண்டும். இன்ன தொகை வாங்கினாய் என்று வாதி சொன்னால், அந்தத் தொகையை வாங்கவில்லை என்று மாத்திரம் கூறித் தப்ப முடியாது. அதில் ஒரு பகுதியேனும் வாங்கினதுண்டா, வாங்கியிருந்தால் எவ்வளவு என்று தெரிவிக்க வேண்டும். திட்டமாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே கோர்ட்டு கொள்ளலாம். ஐந்நூறு ரூபாய்க் கடனுக்காக முன்சீப் கோர்ட்டில் நிற்கும் ஏழைக் குடியானவனுக்கு இந்த நியாயம். கோடானுகோடி ரூபாய் வரிப்பணத்தைக் கையாளும் மந்திரிக்கு இதில் பாதியாவது வேண்டாமா?

2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரணப் பிரஜை ஒருவன் மனுச் செய்தால், தகவல் அதிகாரி 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சபைக்கு விடையளிக்கும் மந்திரியின் நிலைமையோ வேறு. தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, பின்னர் சபையின் முன் வைக்கப்படும் என்று அவர் எழுதிவிட்டால், அது ஒரு வாக்குறுதியாகக் கருதப்படும். மூன்று மாதத்திற்குள் அதை நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்க லோக சபையில் 1953-ம் வருஷத்திலேயே ஒரு கமிட்டி ஏற்பட்டது. ஆனால் கெடு தவறினால், மேலும் அவகாசம் கேட்டுக் கமிட்டிக்கு எழுதலாம். குமாஸ்தாவுக்கு அபராதம், எஜமானுக்கு அவகாசம் என்பது விசித்திரமான தர்மமாயிருக்கிறது.

எதிர்க் கட்சியின் நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். இலாகாக்களுக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் கேள்விகள் வருகின்றன. பல விவரங்கள் மாகாண சர்க்கார்களிடம் இருக்கின்றன. அவற்றைத் திரட்டும் செலவு பயனுக்கு மிஞ்சியதாகலாம். இவையெல்லாம் மெய்யே. அங்கத்தினர்களும் குற்றமற்றவர்களல்லர். கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கிய குற்றத்திற்காக 2005-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் 11 அங்கத்தினர்கள் இரு சபைகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டதை நாடு மறக்கவில்லை. கேள்வியை விற்பவனும் விடையை மறைப்பவனும் ஒரே உரிமையைக் கொள்ளையிடுகிறவர்களே. ஆனால் வேலை அதிகம் என்பது தாமதத்துக்குச் சமாதானமாகலாமேயன்றி, மழுப்பலுக்குச் சமாதானமாகாது. இன்ன விவரம் இன்னாரிடம் இருக்கிறது, இன்ன தேதிக்குள் பெற்றுத் தருவோம் என்று எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நேர்மையான கேள்வி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 1957-ம் வருஷத்திய முந்த்ரா விவகாரமே சான்று. அதற்கு முந்திய வருஷத்தில்தான் ஆயுள் இன்ஷூரன்ஸ் சர்க்கார் வசமாயிற்று. அந்தக் கார்ப்பொரேஷன், ஒரே வியாபாரியின் கம்பெனிகளில் 1.20 கோடி ரூபாய்க்கு மேல் போட்டது ஏன் என்று லோக சபையில் கேள்வி எழுந்தது. முதலில் கிடைத்த விடைகள் அங்கத்தினர்களுக்குத் திருப்தியளிக்கவில்லை. டிசம்பர் மாதத்தில் பெரோஸ் காந்தி, ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராயிருந்தும், விவரங்களைத் திரட்டிக்கொண்டு சபையில் எழுந்து நின்றார். பம்பாய்ப் பிரதம நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்தார். சென்னை தந்த மேதாவி அவர். அவருடைய திறமையை யாரும் மறுக்கவில்லை. எனினும், பாலிஸிதாரர்களின் பணத்துக்குக் கணக்குக் கேட்கப்பட்டபொழுது, மந்திரி பதவியைக் காட்டிலும் சபையின் கேள்வியே பெரிதென்று அன்று நிலைநாட்டப்பட்டது.

பிரிட்டனிலும் இத்தகைய சோதனை ஏற்பட்டது. ஈராக்குக்கு ஆயுத சாமான்கள் ஏற்றுமதி செய்தது குறித்து நீதிபதி ஸ்காட் 1996-ல் வெளியிட்ட அறிக்கை, பார்லிமெண்டுக்கு மந்திரிகள் அளித்த விடைகளிலிருந்த குறைகளை வெளிப்படுத்தியது. மறு வருஷமே அந்நாட்டுப் பார்லிமெண்டின் இரு சபைகளும் தீர்மானம் நிறைவேற்றின. மந்திரிகள் சபைக்குச் சரியான, உண்மையான தகவலே தரவேண்டும். தவறு நேர்ந்தால் கூடிய விரைவில் திருத்தவேண்டும். அறிந்தே சபையை ஏமாற்றுகிறவர் ராஜிநாமாச் செய்யவேண்டும் என்பது அதன் சாரம்.

நம்முடைய அரசியல் சட்டத்தின் 75-வது ஷரத்து, மந்திரி சபை லோக சபைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்கிறது. பொறுப்பு என்பதற்கு விடையளிக்கும் கடமை என்பதைத் தவிர வேறு பொருளில்லை. ஆகவே மூன்று காரியங்கள் உடனே செய்யத்தக்கவை என்று கருதுகிறோம். விவரம் இல்லை என்று எழுதும் மந்திரி, அதை வைத்திருக்க வேண்டிய சட்டம் எது, வைக்காதவர் யார் என்பதையும் அதே விடையில் கூறவேண்டும். மழுப்பல் விடையை அங்கத்தினர் ஆட்சேபித்தால், அக்கேள்வியை அதே கூட்டத்தொடரில் நட்சத்திரக் குறியிட்டு வாய்மொழி விடைக்குக் கொண்டுவரச் சபாநாயகர் உத்தரவிட வேண்டும். கெடு தவறிய வாக்குறுதிகளின் ஜாபிதாவை, மந்திரியின் பெயருடன், ஒவ்வொரு கூட்டத்தொடரின் முதல் நாளிலும் சபையில் படிக்க வேண்டும்.

இவற்றிற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சபை விதிகளில் சிறு திருத்தங்கள் போதும். அவை செய்யப்பட்டிருந்தால், 2020-ம் வருஷத்தில் வழியில் மாண்ட தொழிலாளியின் மனைவிக்குக் கணவனைத் திருப்பித் தந்திருக்க முடியாது. அவன் இன்ன தேதியில், இன்ன இடத்தில் இறந்தான் என்று சர்க்கார் ஏட்டில் ஒரு வரியாவது எழுதப்பட்டிருக்கும். நஷ்டஈடு கேட்கச் சென்றவளிடம், அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.