நான்கு கர்சர்கள், ஒரு பத்தி

ஒரே கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பலர் ஒரே நேரத்தில் எழுதினால் கட்டுரை சீக்கிரம் முடியும், செம்மையாகவும் வரும் என்று பத்திரிகை அலுவலகம் முதல் கல்லூரி வரை நம்புகிறார்கள். சீக்கிரம் முடியும், ஒப்புக்கொள்கிறேன். செம்மையாக வரும் என்பது பொய்.

மறைந்த எழுத்தாளர் ஒருவருக்கான இரங்கல் குறிப்பை நாங்கள் நால்வர் இப்படிச் சேர்ந்து எழுதினோம். அவருடைய கடைசி இரண்டு நாவல்கள் தோல்வி என்று நான் தட்டி முடிப்பதற்குள் ஒரு கர்சர் வந்து 'தோல்வி'யை 'அதிகம் பேசப்படாதவை' ஆக்கியது. இன்னொன்று, 'இது தேவையா?' என்று ஓரத்தில் கேட்டது. சற்று நேரத்தில் வரியே இல்லை. அச்சில் வந்த குறிப்பில் யாரும் மறுக்கக்கூடிய வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. பெயரை மாற்றி வேறு எவருக்கும் போட்டிருக்கலாம். அந்த மனிதருக்கு நாங்கள் செய்த அநியாயம் அது.

இத்தகைய கருவிகளுக்கு வழிகாட்டியது 1989இல் எல்லிஸ், கிப்ஸ் இருவரும் முன்வைத்த முறை. ஒருவர் ஐந்தாம் இடத்தில் எழுத்தைச் சேர்க்கும்போதே இன்னொருவர் மூன்றாம் இடத்தில் அழித்தால், சேர்ப்பை நான்காம் இடத்துக்கு நகர்த்தி எல்லாத் திரைகளிலும் ஒரே பிரதியை நிறுத்துகிறது. அபாரமான கணக்கு. ஆனால், எண்ணங்கள் மோதும்போது எது நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

2007இல் பெங்குவின் பதிப்பகமும் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் யாரும் திருத்தக்கூடிய விக்கி நாவல் ஒன்றைத் தொடங்கின. ஐந்து வாரங்களில் ஏறத்தாழ 1,500 பேர் கைவைத்தார்கள். ஒருவர் பக்கம் பக்கமாக வாழைப்பழங்களைச் செருகினார். நாவல் என்று சொல்ல எதுவும் தேறவில்லை.

விக்கிப்பீடியா வளரவில்லையா என்பார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் பலர் உழைப்பில் வளர்ந்தது நமக்குப் பெருமைதான். அங்கே எழுதுபவரின் குரல் கேட்கக்கூடாது. கட்டுரைக்கோ அந்தக் குரல்தான் உயிர்.

'பன்னிரண்டு நாற்காலிகள்' எழுதிய ருஷ்ய இரட்டையர் இல்ஃபும் பெத்ரோவும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுதினார்கள். ஆனால், ஒரு சொல் இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றினால் அதைத் தள்ளிவிடுவார்கள். இருவருக்குத் தோன்றியது இன்னும் நாலு பேருக்கும் தோன்றும் என்பதால். நம் பொதுக்கோப்பில் தப்பிப் பிழைப்பது அந்தச் சொல் மட்டுமே.

எழுதுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் வரைவு முடியும்வரை கோப்பின் இணைப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். முடிந்தபின் அனுப்புங்கள், கருத்துச் சொல்ல மட்டும் அனுமதி கொடுத்து.