காட்டில் கட்டுச் சாதம்

அடையாற்றில் மார்கழிக் கச்சேரிகளைக்கூடத் தியாகம் செய்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறும் தாய்மார்கள் இப்போது பலர். பிள்ளையோ பெண்ணோ மெல்போர்னில் இருப்பார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரை அங்கே பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை. "அம்மா, காட்டில் கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கப் போகிறோம், நீயும் வா" என்று கூப்பிடுவார்கள். அவசியம் போங்கள், சகோதரிகளே! பேரக் குழந்தைகளோடு நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் சுகம் அடுக்குமாடி வீட்டில் வருமா?

ஆனால், நம் ஊர்ப் பழக்கம் சில அங்கே உதவாது. பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, பெரிய மரத்தைக் கண்டதும் அதனடியில் ஜமக்காளம் விரிக்கத் தோன்றும். (அந்த ஆலின் தாய்மரம் 1989-இல் புயலில் சாய்ந்தது, விழுதுகள்தான் இன்று நிழல் தருகின்றன.) அங்கேயோ பெரிய மரம் என்றால் பெரும்பாலும் யூகலிப்டஸ். நீலகிரித் தைல மரத்தின் இனம்தான். காற்றே இல்லாத வெயில் நாளிலும் பருத்த கிளை மடாரென்று முறிந்து விழுவதுண்டு. மாப்பிள்ளை அதன் கீழே கூடாரம் அடிக்கப் போனால் தடுத்துவிடுங்கள். மாமியார் பேச்சுக்கு இந்த ஒரு தடவையாவது மதிப்பு இருக்கட்டும்!

இதைவிடப் பெரிய அபாயம் நெருப்பு. அந்த இலைகளில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் காய்ந்த காடு குபீரென்று பற்றிக்கொள்ளும். 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி விக்டோரியா மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் மாண்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2018 மார்ச் 11-ஆம் தேதி நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், சென்னையிலிருந்து நடைப் பயணம் போன பெண்களும் தீயில் சிக்கினார்களே, அதை மறக்க முடியுமா?

அதனால்தான் அங்கே கடும் வெயிலும் காற்றும் சேரும் நாட்களில் 'முழு நெருப்புத் தடை' அறிவிக்கிறார்கள். அன்று விறகு மூட்டக் கூடாது. காஸ் அடுப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. "ஒரு வாய் காப்பிக்குத்தானே" என்று பிள்ளையைத் தூண்டாதீர்கள். நமக்கென்ன, ரயில் பிரயாணத்துக்குக் கட்டுச் சாதம் கட்டிப் பழகிய கை! மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் முதல் நாளுக்குத் தாங்கும். தயிர் சாதத்தை மட்டும் ஐஸ் பெட்டியில் வையுங்கள். காப்பியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

தடையில்லாத நாளில் தீ மூட்டினால், அணைக்கும்போது மண்ணை அள்ளிப் போடாதீர்கள். மண்ணுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில்தான் மிதிக்கும். சாம்பல் சில்லிடும்வரை தண்ணீரை ஊற்றுங்கள்.

இங்கிருந்தே பொடியும் ஊறுகாயும் கொண்டு போகிறவர்கள், விமானத்தில் தரும் படிவத்தில் அதை எழுதிவிட வேண்டும். மறைத்தால் அபராதம் பலமாக இருக்கும்.